பழைய ஏர் ரைஃபிள் கட்டைய பாலிஷுக்கு குடுக்கப் போறவங்க இத ஒரு தடவ படிச்சிட்டு போங்க

எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு மாசமா யோசிச்சிட்டே இருந்தேன். கோவம் அடங்கட்டும், அப்புறம் எழுதிக்கலாம்னு பாத்தேன், அடங்கல. நேத்து ஒருத்தர் தன்னோட தாத்தா துப்பாக்கிய பாலிஷ் போட குடுக்கப் போறேன்னு சொன்னாரு, கேட்டதும் வயித்துல பகீர்னுச்சு, அதான் உக்காந்துட்டேன். ஆள் பேர், கடை பேர் எதுவும் சொல்லப் போறதில்ல. என்ன நடந்துச்சுங்கிறத மட்டும் சொல்றேன்.

அப்பா வச்சிருந்த ஏர் ரைஃபிள் அது. பாயிண்ட் 177 (குண்டோட அளவு), பிரேக் பேரல், அதாவது குழாய மடக்கி லோட் பண்றது, ஸ்ப்ரிங் பிஸ்டன், அதாவது உள்ள ஸ்ப்ரிங் பிஸ்டன தள்ளி காத்த அழுத்தி குண்ட விடுறது, பீச் மரக் கட்டை, அதாவது தோள்ல வச்சு புடிக்குற மர பாகம். என் வயசுக்கு மேல ஆகுது அதுக்கு. கட்டை முழுக்க சின்னச் சின்ன பள்ளம், வார்னிஷ் அங்கங்க சில்லு சில்லா பேந்து போயிருக்கும். கன்னம் வைக்குற இடத்துல நிறமே வேற. கைப்பிடி இடுக்குல, அவரோட கட்டைவிரல் படியுற எடத்துல மட்டும் வார்னிஷ் சுத்தமா தேஞ்சு, மரம் கருத்து, கூழாங்கல்லு மாதிரி வழவழன்னு இருக்கும். கண்ண மூடிட்டு எடுத்தாலும் என் விரல் நேரா அங்க போயி உக்காரும். பின்கட்டையில இடது பக்கம் ஒரு பெரிய பள்ளம் இருக்கும், அது நான் பண்ணது. ஒன்பது வயசுல தூக்க முடியாம தூக்கிட்டு வந்து படிக்கட்டுல போட்டுட்டேன். அப்பா அடிக்கல, திட்டல, எடுத்து திருப்பித் திருப்பி பாத்துட்டு "உன் கால்ல விழலேல்ல"ன்னு மட்டும் கேட்டாரு.

இப்ப எதுக்கு பாலிஷுன்னா, அழகுக்கு இல்ல. பூச்சு போன எடத்துல ஈரமும் கை வியர்வையும் நேரா மரத்துக்குள்ள இறங்கும், மரம் ஊதும் சுருங்கும், அப்புறம் ஸ்க்ரூ புடிக்குற எடத்துல விரிசல் விடும். இன்னும் ஒரு தலைமுறை அது நல்லா இருக்கணும்னு ஆசை. தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லித்தான் அந்த ஆள்கிட்ட போனேன். தெளிவா மூணு விஷயம் சொன்னேன். பழைய வார்னிஷ மட்டும் எடுங்க, வடிவத்த தொடாதீங்க, எண்ணெய் பாலிஷ் போடுங்க, பளபளன்னு கண்ணாடி மாதிரி வேண்டாம். "தம்பி, நான் எத்தன கட்டை பாத்திருக்கேன், லின்சீட் ஆயில் ஆறு கோட் குடுத்துருவேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னாரு. லின்சீட்னா ஆளி விதை எண்ணெய். பாதி காசு முன்னாடியே வாங்கிட்டாரு. அந்தப் பேச்சுல நான் மயங்கிட்டேன், எப்படி பண்ணுவீங்கன்னு ஒரு வார்த்த கேக்கல. அத விட பெரிய தப்பு, கட்டைய மட்டும் கழட்டி குடுக்காம முழு துப்பாக்கியையும் குடுத்துட்டு வந்தேன்.

ஒரு வியாழக்கிழமை அந்தப் பக்கம் போக வேண்டி இருந்துச்சு, சும்மா எட்டிப் பாப்போம்னு உள்ள போனேன். அவர் கையில மெஷின் சாண்டர் ஓடிட்டு இருக்கு. கதவு, ஜன்னல் தேய்க்குறதுக்கு வச்சிருப்பாங்களே அதே மெஷின். அதுல அப்பா கட்டை. கீழ குவியலா மரத்தூள். ஒரு முழம் தள்ளி பெஞ்சு மேல துப்பாக்கியோட இரும்பு பாகம் முழுசும், பேரல், சிலிண்டர், ட்ரிகர் எல்லாம் மூடாம கெடக்கு, மேல மாவு தூவுன மாதிரி தூசி. ஸ்ப்ரிங் இழுக்குறதுக்கு சிலிண்டருக்கு அடியில ஒரு நீள வெட்டு இருக்கும் பாருங்க, அது மேல பாத்து இருக்கு, உள்ள இருக்குற கிரீஸ்ல தூசி போயி ஒட்டிட்டு இருக்கு. மரத்தூள் கூட பரவால்ல, சாண்ட் பேப்பர்ல இருந்து உதிருற பொடி இருக்கே, அது இரும்பையே தேய்க்குற சாமான். பிஸ்டன் ஓடுற எடத்துல அது போச்சுன்னா உள்சுவருல கோடு விழும், காத்து புடிக்காது. "அண்ணே, இத மூடி வைக்கக் கூடாதா"ன்னு கேட்டேன். "ஊதி விட்டா போயிரும் தம்பி"ன்னுட்டு மெஷின திரும்ப ஆன் பண்ணிட்டாரு. அப்பவே அள்ளிக்கிட்டு வந்திருக்கணும். வேலை பாதியில இருக்கே, முன்பணம் குடுத்தாச்சேன்னு வாய மூடிட்டு வந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் போன் வந்துச்சு, ரெடின்னு. எனக்கு அங்கயே சந்தேகம் வந்திருக்கணும். வியாழக்கிழமை பச்ச மரமா இருந்த கட்டைக்கு சனிக்கிழமைக்குள்ள ஆறு கோட் லின்சீட் எப்படி ஏறும்? கடையில பாயில்டுன்னு விக்குறது கூட நெசமா காய்ச்சினது இல்ல, சீக்கிரம் காயட்டும்னு உலோக உப்பு கலந்த எண்ணெய்தான் அது, அதுக்கே ஒரு கோட்டுக்கு ஒரு நாள் வேணும். ஒண்ணும் கலக்காத பச்ச லின்சீட்னா ஒரு கோட்டுக்கே பல நாள் ஆகும்.

போனா கட்டை மினுமினுன்னு நிக்குது, ஆழ்ந்த வால்நட் நிறத்துல. பீச் மரம் வெளிர் நிறம், அதுல சின்னச் சின்ன பழுப்புக் கீத்து நெறைய தெரியும், அதுதான் அந்த மரத்தோட முகம். ஒரு கீத்து கூட தெரியல, பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள "பாருங்க எப்படி வேலை செய்யுது"ன்னு பேரல மடக்கி லோட் பண்ணி, உள்ள பெல்லட், அதாவது சின்னக் குண்டு, இல்லாமலே டப்புன்னு ஒரு தடவ சுட்டுக் காட்டுனாரு. ஸ்ப்ரிங் ரைஃபிள்ல அத பண்ணவே கூடாது. பெல்லட் இருந்தாதான் முன்னாடி காத்து அடைபட்டு மெத்தை மாதிரி பிஸ்டன தாங்கும், இல்லேன்னா பிஸ்டன் நேரா போயி சிலிண்டர் முனையில மோதும், காத்து கசியாம வச்சிருக்குற சீலும் போகும் ஸ்ப்ரிங்கும் போகும். அந்த சத்தம் எனக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துச்சு. மீதி காச குடுத்துட்டு வாங்கிட்டு வந்துட்டேன், அங்க ஒரு நிமிஷம் கூட நிக்கப் புடிக்கல.

வீட்டுல வெளிச்சத்துல வச்சு பாத்தப்பதான் முழு சேதமும் தெரிஞ்சுச்சு. கட்டையோட பின்முனையில தோள்ல படுற பட் ப்ளேட்ட கழட்டி வச்சிட்டு மரத்த மட்டும் தேய்ச்சிருக்காரு, அதனால ப்ளேட்டு சுத்தி நகம் மாட்டுற அளவுக்கு வெளிய நீட்டிட்டு நிக்குது. ப்ளேட்ட மாட்டி வச்சு ரெண்டையும் சேத்து தேய்ச்சாதான் விளிம்பு ஒண்ணா வரும், இது அடிப்படை. கூர்மையா இருந்த விளிம்பெல்லாம் சோப்புக் கட்டி மாதிரி உருண்டு போச்சு. சாய்ச்சு பாத்தா வார்னிஷுக்கு அடியில சுருள் சுருளா மெஷின் கோடு. சின்ன பள்ளத்துக்கெல்லாம் பட்டி வச்சு மேல நிறத்த பூசி மறைச்சிருக்காரு. ஸ்க்ரூ தலை எல்லாம் பிஞ்சு கெடக்கு, வெட்டுக்கு சரியா உக்காராத ஸ்க்ரூ டிரைவர போட்டு திருகுனா அப்படித்தான் ஆகும். முன்பக்க ஸ்க்ரூவுக்கு ரெண்டு வாஷர் இருக்கணும், ஒண்ணக் காணோம்.

கட்டைவிரல் வச்சேன். ஒண்ணும் இல்ல. எல்லா எடமும் ஒரே மாதிரி இருக்கு. கொஞ்ச நேரம் அப்படியே கையில வச்சிட்டு உக்காந்திருந்தேன்.

எண்ணெய் பாலிஷா இல்லையான்னு உறுதி பண்ணிக்க, பட் ப்ளேட்டுக்கு அடியில மறைவான எடத்துல தின்னர் தொட்ட பஞ்ச லேசா ஒத்துனேன். அடுத்த நிமிஷமே பிசுபிசுன்னு கரைஞ்சு பழுப்பு நிறம் பஞ்சுல வந்துருச்சு. காஞ்சு இறுகுன லின்சீட் அப்படி கரையாது, இது ஸ்ப்ரே பண்ற லாக்கர்ல நிறம் கலந்து அடிச்சது. போன் பண்ணி கேட்டேன். மொதல்ல "ஆயில் மேல லைட்டா ஒரு கோட் குடுத்தேன்"ன்னாரு, அப்புறம் "எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க"ன்னாரு, கடைசியில "பழசு புதுசாயிருச்சு, அதுக்கு சந்தோஷப்படாம சண்டை போடுறீங்களே"ன்னாரு. காசு திரும்ப வரல. காசு போனா போகட்டும்னு விட்டுரலாம், தேய்ச்சு எறக்குன மரத்த யாராலயும் திருப்பி ஒட்ட முடியாது, எனக்கு ஆத்தாமை அதுலதான்.

இதுல எனக்கு ரொம்ப வலிக்குறது என்னன்னா, அந்தப் பள்ளத்துக்கெல்லாம் தேய்க்கவே வேண்டியதில்ல. அடி வாங்குன எடத்துல மரம் எங்கயும் போகல, உள்ள அமுங்கித்தான் இருக்கு. ஈரத் துணிய மடிச்சு பள்ளத்து மேல வச்சு, சூடான அயர்ன் பாக்ஸ் நுனியால சில நொடி அழுத்துனா ஆவி உள்ள இறங்கி அமுங்குன நார் ஊதி மேல வரும். அஞ்சாறு தடவ பண்ணா பாதிக்கு மேல சமமாயிரும். நார் அறுந்து போன வெட்டுக்கு மட்டும்தான் இது வேலைக்காகாது.

அதனால குடுக்குறதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட கேளுங்க, பழைய வார்னிஷ எதால எடுப்பீங்கன்னு. மெஷின்னு சொன்னா அப்படியே திரும்பி வந்துருங்க, அதுக்கு மேல பேச்சு வேண்டாம். ஸ்ட்ரிப்பர், அதாவது பழைய பூச்ச இளக்குற கெமிக்கல், போட்டு, சுரண்டி, கையால தேய்ப்பேன்னு சொல்றவர்தான் வேணும். பள்ளத்த என்ன பண்ணுவீங்கன்னு கேளுங்க, ஆவின்னு வாயில வரணும், பட்டின்னு வரக் கூடாது. எத்தன நாள் ஆகும்னு கேளுங்க, மூணு நாளுன்னு சொன்னா எண்ணெய் பாலிஷ் கெடையாதுன்னு அர்த்தம். கைப்பிடியில கட்டம் கட்டமா வெட்டுன வேலைப்பாடு இருந்தா அங்க சாண்ட் பேப்பரே படக் கூடாதுன்னு எழுதியே குடுங்க, பழைய டூத் பிரஷும் ஸ்ட்ரிப்பரும் போதும் அதுக்கு, ஒரு தடவ தேய்ஞ்சா கூர்மை போச்சு. முக்கியமா, இரும்பு பாகத்த குடுக்காதீங்க. லோட் ஆகலேன்னு உறுதி பண்ணிட்டு நீங்களே ஸ்க்ரூவ கழட்டி மரத்த மட்டும் குடுங்க, தனியா இருக்குற இரும்பு பாகத்த லோட் பண்ணி பாக்குற வேலையும் வேண்டாம். கட்டை பக்கத்துல ஸ்கேல் வச்சு எல்லா பக்கமும் போட்டோ எடுங்க, பிடி எத்தன மில்லிமீட்டர் தடிமன்னு குறிச்சு வைங்க. நான் பண்ணல, அதனாலதான் என் பக்கம் காட்டுறதுக்கு கையில ஒண்ணும் இல்லாம போச்சு.

அப்புறம் நானே உக்காந்தேன். மொதல்ல தெரிஞ்சவர் ஒருத்தர வச்சு சிலிண்டர பிரிச்சு கழுவுனோம், நல்லவேளை கோடு விழல. லாக்கர ஸ்ட்ரிப்பர் போட்டு எடுத்தேன், ஜன்னல தொறந்து வச்சு, கையுறை போட்டுக்கிட்டு. மெஷின் கோடு போறதுக்கு மட்டும் 180, 240, 320ன்னு (நம்பர் கூடக் கூட நைசு) சின்ன மரத்துண்டுல சுத்துன சாண்ட் பேப்பர மர ரேகை போற போக்குலயே தேய்ச்சேன், குறுக்க ஒரு தடவ கூட இழுக்கல. அப்புறம் ஈரத் துணியால மொத்தமா ஒரு தொடை தொடைச்சு ராத்திரி முழுக்க காய விட்டேன். அப்படி பண்ணா படுத்திருக்குற நார் எல்லாம் முள்ளு மாதிரி எந்திரிக்கும், அத 400 பேப்பரால லேசா எடுத்துட்டா அப்புறம் எண்ணெய் பட்டாலும் சொரசொரப்பு வராது. அதுக்கப்புறம் லின்சீட், துணியில தொட்டு ரொம்ப மெல்லிசா தடவி, கால் மணி நேரம் கழிச்சு மீதிய தொடைச்சு, ஒரு நாள் விட்டு அடுத்த கோட். ஆறு கோட்டுக்கு பத்து நாள் ஆச்சு. எண்ணெய் தொட்ட துணிய சுருட்டி மூலையில போட்டுறாதீங்க, லின்சீட் காயும்போது சூடு கெளப்பும், சுருட்டுன துணிக்குள்ள அந்தச் சூடு தங்கி தானாவே தீ புடிக்கும். வெளிய விரிச்சு காயப்போடுங்க, இல்ல தண்ணியில முக்கி வைங்க.

ஈரத் துணியால தொடைச்சு வச்ச மறுநாள் காலையில பாத்தேன், பின்கட்டை இடது பக்கம் கையில ஏதோ தட்டுச்சு. படிக்கட்டுல விழுந்த அந்தப் பள்ளம் இருந்த எடம். அந்த பாலிஷ்காரர் சுத்தி இருந்த மரத்தையெல்லாம் எறக்கி பள்ளத்தோட சமம் பண்ணிட்டாரு, ஆனா அடி வாங்குன நார் அத்தன வருஷமா உள்ள அமுங்கியே இருந்திருக்கு, தண்ணி பட்டதும் ஊதி, குழி இருந்த எடத்துல இப்ப மேடா நிக்குது. அவரைக்கொட்டையப் பாதியா பொளந்து ஒட்டுன அளவுக்கு. கையில 400 பேப்பர் இருந்துச்சு. அந்த எடத்துல மட்டும் படாம சுத்தி தேய்ச்சு முடிச்சு, அது மேலயே எண்ணெய தடவிட்டேன்.