புள்ளி எங்கே விழும்? தசமப் பெருக்கல் பெட்டியோடு மூன்று வாரம்

என் மகளுக்குப் பதினொரு வயது. 48-ஐ 31-ஆல் பெருக்கச் சொன்னால் தடுமாறாமல் 1488 என்று எழுதிவிடுவாள். அதையே 4.8 × 3.1 என்று கொடுத்தால் ஒரு நாள் 148.8 வரும், மறுநாள் 1.488 வரும். தப்பு செய்ததைவிட, 148.8 என்று எழுதிவிட்டு அதில் ஒரு சந்தேகமும் வராமல் அடுத்த கணக்குக்குப் போனாளே, அதுதான் என்னை உறுத்தியது. கிட்டத்தட்ட 5-ஐ 3-ஆல் பெருக்குகிறோம், 15-க்குப் பக்கத்தில்தான் வரவேண்டும் என்று அவள் மனசு சொல்லவே இல்லை.

அதற்காகத்தான் தசமப் பெருக்கலுக்கென்றே வந்திருக்கும் ஒரு பயிற்சிப் பெட்டியை வாங்கினேன். நூறு கட்டம் போட்ட கண்ணாடித் தாள்கள், நகர்த்தும் எண் பட்டை ஒன்று, கணக்கு அட்டைகள், ஒரு பயிற்சி நோட்டு. மகளோடு அக்கா பையனும் சேர்ந்துகொண்டான். மூன்று வாரம் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்தோம்.

முதலில் கண்ணாடித் தாளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 0.3 × 0.4 எவ்வளவு என்று கேட்டதும் இரண்டு பேரும் ஒரே குரலில் 1.2 என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. மஞ்சள் தாளில் நெடுக்காக 3 பத்திகளும், நீலத் தாளில் குறுக்காக 4 வரிசைகளும் வண்ணம் போட்டிருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைக்கச் சொன்னேன். இரண்டும் சேரும் இடம் பச்சையாகத் தெரிந்தது. மகள் விரல் வைத்து எண்ணினாள்.

"பன்னிரண்டு கட்டம்மா."

"எத்தனை கட்டத்துல பன்னிரண்டு?"

"நூறுல... அப்போ 0.12-ஆ?" என்றவள், கொஞ்ச நேரம் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒரு முழுத் தாள்கூட ரொம்பலையே, 1.2 எப்படி வரும்?" என்று அவளே கேட்டுக்கொண்டாள். பத்தில் ஒன்றைப் பத்தில் ஒன்றால் பெருக்கினால் நூறில் ஒன்று என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அது உள்ளே போனது அன்றைக்குத்தான். பெருக்கினால் எண் பெரிதாகத்தான் ஆகும் என்ற எண்ணமும் அதோடு கழன்றது. 8 × 0.5 என்பது 8-இல் பாதி, அதனால் 4 என்று இப்போது கேட்காமலே சொல்கிறாள்.

ஆனால் தாள்கள் மொத்தமே நான்கு. 1-ஐத் தாண்டினால் போதவில்லை. 1.3 × 2.4-க்கு நான் கட்டம் போட்ட நோட்டில் செவ்வகம் வரைந்து நான்கு துண்டாகப் பிரித்துக் காட்டினேன். 1 × 2 என்றால் 2, 1 × 0.4 என்றால் 0.4, 0.3 × 2 என்றால் 0.6, மூலையில் இருக்கும் சின்னத் துண்டு 0.12, ஆக 3.12. பெட்டியிலேயே இன்னும் நாலைந்து தாள் கொடுத்திருக்கலாம்.

எண் பட்டை நல்ல யோசனை. புள்ளி அட்டையில் நிலையாக இருக்கிறது, இலக்கங்கள்தான் நகர்கின்றன. 10-ஆல் பெருக்கினால் இலக்கம் ஒவ்வொன்றும் ஓர் இடம் இடப்பக்கம் போகிறது, 0.1-ஆல் பெருக்கினால் வலப்பக்கம். "புள்ளியைத் தள்ளு" என்று சொல்லிக்கொடுத்துப் பழகிய எனக்கே இது தெளிவாக இருந்தது.

இந்தப் பெட்டியின் உயிர் என்று நான் சொல்வது கணக்கு அட்டைகளைத்தான். அட்டையில் விடை அச்சாகியிருக்கும், புள்ளி மட்டும் இருக்காது. 19.6 × 0.48 = 9408 என்று போட்டிருக்கும். புள்ளி எங்கே வரும் என்று குத்துமதிப்பாகச் சொல்லவேண்டும், இலக்கம் எண்ணக் கூடாது. 20-இல் பாதி 10, கொஞ்சம் குறைவாக வரும், அப்போது 9.408. நோட்டிலும் அப்படித்தான். "உத்தேசம்" என்று ஒரு கட்டம் முதலில் இருக்கிறது, அதை நிரப்பிய பிறகுதான் கணக்குக்கு இடம். விடை கண்டுபிடித்துவிட்டு அதற்கேற்ற உத்தேசத்தைப் பின்னால் எழுதும் பழக்கம் பிள்ளைகளுக்கு உண்டு. அதனால் அந்தக் கட்டத்தைப் பேனாவால்தான் எழுதவேண்டும் என்று நான் ஒரு விதி போட்டேன்.

அக்கா பையன் 2.5 × 0.4-ஐப் போட்ட விதம் எனக்கு மறக்காது. 25 × 4 = 100. கடைசிப் பூஜ்ஜியங்களுக்கு மதிப்பு இல்லை என்று எங்கோ கேட்டதை வைத்து இரண்டையும் அடித்தான், மீதி 1. பிறகு இரண்டு தசம இடம் எண்ணி 0.01 என்று எழுதினான். விதிகளை எல்லாம் ஒழுங்காகப் பின்பற்றிய பிள்ளை, வரிசை மாறியதால் நூறு மடங்கு விலகிப்போனான். உத்தேசக் கட்டத்தில் அவனே 1 என்று எழுதியிருந்தான். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவன், "சித்தி, பூஜ்ஜியத்தை அப்புறமா எடுத்திருக்கணும். முதல்ல 1.00-னு புள்ளி வெச்சிருக்கணும்" என்றான். நான் வாயே திறக்கவில்லை. அந்த ஒரு கட்டம் செய்த வேலை அது.

இனி குறைகள். நோட்டு முழுக்க ஒரே விதிதான்: இரண்டு எண்களையும் அருகிலுள்ள முழு எண்ணாக்கு, பிறகு பெருக்கு. 62 × 0.04-க்கு இந்த விதிப்படி 0.04 என்பது 0 ஆகிவிடுகிறது, உத்தேசமும் 0. மகள் குழம்பிப்போனாள். சரியான விடை 2.48. இங்கே 62-ஐ 60 ஆக்கிக்கொண்டு 0.04-ஐத் தொடாமல் விட்டால் 2.4 வரும், அழகாகப் பொருந்தும். சின்ன எண்ணை அதன் முதல் இலக்கத்தோடு வைத்துக்கொள்ளவேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இதைக் கவனிக்காமல் விட்டது பெரிய குறை என்றே நினைக்கிறேன், ஏனென்றால் உத்தேசம்தான் இந்தப் பெட்டியின் அடிப்படையே.

இன்னொன்று, இரண்டு எண்களையும் மேல்நோக்கி முழுதாக்கினால் எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. 2.5 × 3.5-க்கு நோட்டு கொடுக்கும் உத்தேசம் 3 × 4 = 12. உண்மையில் 8.75. மகள் தன் விடை தப்போ என்று மூன்று தடவை போட்டுப் பார்த்தாள். நான் இரண்டு வேலி போடச் சொன்னேன்: 2 × 3 = 6-க்கு மேலே, 3 × 4 = 12-க்குக் கீழே, நடுவில் எங்காவது இருந்தால் சரி. வேலி போடுவது அவர்களுக்குப் பிடித்துப்போனது. இப்போது உத்தேசக் கட்டத்தில் இரண்டு எண் எழுதுகிறார்கள். கட்டம் சின்னது, நெருக்கி எழுதவேண்டியிருக்கிறது.

விடைப் பக்கத்தில் இரண்டு அச்சுப் பிழைகள் கண்டோம். ஒன்றைக் கண்டுபிடித்தது மகள். புத்தகத்தின் விடை தன் வேலிக்கு வெளியே கிடக்கிறது என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

முழு எண் பெருக்கலே தடுமாறும் பிள்ளைக்கு இதை இப்போது வாங்காதீர்கள், வாய்ப்பாடு ஓரளவு ஓடவேண்டும். பெருக்கத் தெரிந்தும் புள்ளியில் மட்டும் சறுக்கும் பிள்ளைக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் தனியாகக் கையில் கொடுத்துவிட்டுப் போனால் பாதிப் பலன்தான், முதல் பத்து நாளாவது பக்கத்தில் உட்காருங்கள். 0.04 போன்ற எண்கள் வரும் பக்கங்களை முன்கூட்டியே பார்த்துக் குறித்து வையுங்கள். ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுக்கிறேன், அதில் மூன்று அந்த அட்டைகளுக்கு.