செடிப் பதிவுக்கு எது: பிளான்ட்நெட்டா, ஐநேச்சுரலிஸ்ட்டா?

படத்தைக் கொண்டு செடியின் பெயரைக் கண்டறிய உதவும் பிளான்ட்நெட், ஐநேச்சுரலிஸ்ட் ஆகிய இரு தளங்களையும் பயன்படுத்திய பிறகு, என் செடிப் பதிவுகளை நிலையாக வைத்திருக்க ஐநேச்சுரலிஸ்ட்டைத் தேர்ந்துகொண்டேன். இரண்டும் இலவசம், இரண்டுக்கும் கைப்பேசிச் செயலி உண்டு, தகுதி பெற்ற பதிவுகள் இரண்டிலிருந்தும் ஜிபிஃப் என்னும் உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்துக்குச் செல்கின்றன.

வேகத்தில் பிளான்ட்நெட் முந்துகிறது. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்கள் 2009இல் தொடங்கிய இத்தளம், படத்தில் இருப்பது இலையா, பூவா, காயா, பட்டையா என்று கணக்கில் கொண்டு, பொருந்தக்கூடிய பெயர்களை மதிப்பெண்ணுடன் வரிசைப்படுத்தித் தருகிறது. சாலையோர மரத்தின் பெயர் உடனே வேண்டுமென்றால் இன்றும் அதைத்தான் திறக்கிறேன்.

ஆனால், பெயர் கிடைத்ததோடு பதிவின் வேலை முடிந்துவிடுவதில்லை. அது தவறாக இருந்தால் பின்னாளில் எப்படித் திருத்தப்படும் என்பதே என் தேர்வைத் தீர்மானித்தது. கீழாநெல்லியை எடுத்துக்கொள்வோம். மூலிகை நூல்கள் பலவும் அதை ஃபில்லாந்தஸ் நிரூரி என்கின்றன. அதுவோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் வரப்புகளில் பரவலாகக் காண்பது ஃபில்லாந்தஸ் அமாரஸ்: புல்லிதழ் (பூவின் வெளியிதழ்) ஐந்து, காய் மழமழப்பாகச் சிறு காம்பில் தொங்கும். அதைப் போலவே தோன்றும் ஃபில்லாந்தஸ் யூரினேரியாவின் காயோ சொரசொரப்பானது. காம்பே இல்லாததுபோல் கிளையின் அடிப்புறத்தில் ஒட்டியிருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் இவற்றில் ஒன்றும் தெரியாது.

இத்தகைய படத்துக்கு ஐநேச்சுரலிஸ்ட் பயனர்களில் இருவர் அமாரஸ் என்றும் ஒருவர் யூரினேரியா என்றும் சொன்னால், ஒப்புதல் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட வேண்டும் என்ற விதிப்படி, பெயர் ஃபில்லாந்தஸ் என்ற பேரின அளவுக்குப் பின்வாங்கிவிடும். நான்காமவர் வந்து அமாரஸை ஆதரித்தால்தான் மீண்டும் சிற்றினமாகும். மறுப்பவர் காயின் படத்தைக் கேட்கலாம், காரணத்தை எழுதலாம். அந்த உரையாடல் பதிவோடு நிற்கும். பிளான்ட்நெட்டிலும் வாக்களிப்பு உண்டு, தேர்ந்த பயனருக்குக் கூடுதல் எடையும் உண்டு. எனினும் காரணம் சொல்லி மறுப்பவரை அங்கே நான் அரிதாகவே சந்தித்திருக்கிறேன். தாவரவியலாளர்கள் பெயரையே மாற்றும்போதும், கியூ தாவரவியல் பூங்காவின் பட்டியலைப் பெரும்பாலும் பின்பற்றும் ஐநேச்சுரலிஸ்ட்டில், பொறுப்பாளர்கள் ஒருமுறை செய்யும் மாற்றம் பழைய பதிவுகளுக்கும் போய்ச் சேர்கிறது.

புல், கோரை வகைகளை நான் அதிகம் பதிவிட்டதில்லை. அவற்றுக்கு இந்தத் தீர்ப்பு பொருந்தாமல் போகலாம். தொட்டியிலும் தோட்டத்திலும் வளர்ப்பவற்றுக்கு, பெயர் உறுதியான பதிவுகளுக்குத் தரும் 'ஆய்வுத் தரம்' என்னும் தகுதியை ஐநேச்சுரலிஸ்ட் அளிப்பதில்லை, அவற்றைப் பார்க்க வருபவரும் குறைவு. அவற்றுக்கு பிளான்ட்நெட்டே போதும்.