மனச்சோர்வு சிகிச்சையில் வாரத் தாள்: பல மாதப் பயன்பாட்டில் தெரிவது

மனம்விட்டுப் பேசினால் பாரம் இறங்கும் என்று நினைத்துப் போகிறவர் கையில் சிகிச்சையாளர் ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்தால் எரிச்சல்தான் வரும். மேலே ஏழு கிழமைகள், பக்கவாட்டில் மணிநேரங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் என்ன செய்தீர்கள் என்று இரண்டு சொல், மனநிலைக்கு 0 முதல் 10 வரை ஓர் எண். செயலை மாற்றி அதன் வழியே மனநிலையை மாற்றப் பார்க்கும் செயல்தூண்டல் சிகிச்சை (behavioural activation) முழுக்க இந்தத் தாளின் மேல்தான் நிற்கிறது.

முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். "நாள் முழுக்க மோசம்" என்பவரின் தாளிலும் எண் ஒரே மாதிரி இருப்பதில்லை. படுக்கையில் போனைத் தள்ளிக்கொண்டிருந்த இரண்டு மணிநேரம் 2, பக்கத்து வீட்டாரோடு வாசலில் நின்ற கால்மணி 4. நல்ல சிகிச்சையாளர் அந்த 4-ஐத்தான் பிடித்துக்கொள்வார். சோர்வு வந்தால் ஒதுங்குகிறோம். ஒதுங்கினால் மனதுக்கு இதமான எதுவும் நடப்பதில்லை. சோர்வு இன்னும் கூடுகிறது. உற்சாகம் வரட்டும் என்று காத்திராமல் செயலை முதலில் வைப்பது இந்தச் சுழலை உடைக்கத்தான்.

இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு மூன்று செயல்கள். "நடைப்பயிற்சி" என்று எழுதினால் நடக்காது. "செவ்வாய் காலை 6.30, தெருமுனை வரை, 10 நிமிடம்" என்று இருக்க வேண்டும். முடியவில்லையா, பாதியாக்குங்கள். கடமைகளை மட்டுமே நிரப்புவது பலரும் செய்யும் பிழை: துணி துவைத்தாயிற்று, பில் கட்டியாயிற்று, எண் மட்டும் ஏறவில்லை. பிடித்த ஒன்றும் இருந்தாக வேண்டும். நடந்துகொண்டே பழையதை அசைபோட்டாலும் பலன் குறையும். காலடி, சத்தம், வெயில் என்று கவனத்தை வெளியே திருப்பப் பழக்குவார்கள்.

தாள் தோற்கும் இடம் பெரும்பாலும் சிகிச்சை அறைதான். அடுத்த அமர்வின் தொடக்கத்திலேயே அதை எடுத்துப் பார்க்காவிட்டால் சில வாரங்களில் வெறும் தாள்தான் வரும். வெறும் தாளைக் கண்டு கடிந்துகொள்வது அதைவிட மோசம். எது தடுத்தது என்று கேட்டால் அடுத்த வாரத்துக்கான வேலை அதிலேயே கிடைக்கும். அமர்வுக்கு முந்தைய இரவு மொத்தமாக நிரப்பும் தாளையும் நம்ப முடியாது. மனச்சோர்வில் நினைவு கெட்டதையே பொறுக்கி எடுக்கும்.

எண்ணங்களை எழுதிச் சோதிக்கும் பயிற்சியைக் கடும் சோர்வின் தொடக்கத்திலேயே கொடுப்பது அவசரம் என்பது எங்கள் கருத்து. "இதைக்கூட ஒழுங்காக எழுதத் தெரியவில்லை" என்ற தன்பழிதான் மிஞ்சும். அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சனின் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வில், செயல்தூண்டல் பகுதி மட்டுமே, எண்ணங்களைச் சோதிக்கும் பயிற்சியும் சேர்ந்த முழு அறிவாற்றல் சிகிச்சைக்கு இணையான பலனைத் தந்தது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் உளவியல் பட்டம் இல்லாத, பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகளில் இதை நடத்தியபோதும் சோர்வு குறைந்தது.

முன்னேற்றத்தை அளக்க பிஎச்கியூ-9 (PHQ-9) என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள் போதும்: 9 கேள்விகள், அதிகபட்சம் 27 மதிப்பெண், கூடினால் சோர்வு அதிகம். 5 குறைந்தால் மாற்றம் உண்மையானது என்று கொள்ளலாம். ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர எது வந்தாலும் மொத்தத்தைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றே பேச வேண்டும். இந்தியாவில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 எந்நேரமும் கிடைக்கும். தாளில் மனநிலை எண் ஏறுகிறதே என்று மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. அதை மருத்துவரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.