மஞ்சள் கேப்சூலா, கிரீன் டீயா, முருங்கைப் பொடியா: அம்மாவின் எலும்புக்கு எது?

அம்மாவுக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்ததில் இடுப்பெலும்பின் அடர்த்தி குறைவு என்று வந்தது. டாக்டர் கால்சியமும் வைட்டமின் டியும் எழுதிக் கொடுத்தார். சொந்தபந்தம் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் ஈரோட்டுச் சித்தியிடமிருந்து மஞ்சளின் சத்தான குர்குமின் கேப்சூல் டப்பா, பெங்களூர் அண்ணனிடமிருந்து கிரீன் டீ கேப்சூல், மூலனூர் மாமாவிடமிருந்து அரைக் கிலோ முருங்கை இலைப் பொடி. இவற்றில் எதை வைப்பது, எதைத் திருப்பி அனுப்புவது என்று உட்கார்ந்து படித்தேன்.

இவற்றையெல்லாம் எலும்புக்கு நல்ல ஆன்டிஆக்சிடன்ட் என்கிறார்கள், அந்தக் கணக்கு இதுதான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பை அரிக்கும் செல்களின் கை ஓங்குகிறது, உடலில் ஆக்சிஜனேற்ற அழுத்தம் (செல்களைச் சேதப்படுத்தும் மூலக்கூறுகள் மிகுந்துபோவது) கூடினால் அவை இன்னும் வேகமாக அரிக்கும், அதனால் அந்த அழுத்தத்தை அடக்கினால் எலும்பு தப்பும். எலிகளிடம் இந்தக் கணக்கு நன்றாகவே வருகிறது. மனிதர்களிடம்தான் இழுபறி.

முதலில் சித்தியின் டப்பா. ஈரோடு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து சித்தியிடம் மஞ்சளைப் பற்றி எதிர்த்துப் பேச முடியாது. ஆனால் மஞ்சளில் குர்குமின் ஏறக்குறைய 3 சதவீதம்தான், அதுவும் தனியாகப் போனால் உடலில் ஒட்டவே ஒட்டாது. மிளகிலுள்ள பைப்பரின் சேர்ந்தால் 20 மடங்கு கூடுதலாக ஏறுகிறது என்று 1998இல் பெங்களூருவில் செய்த ஆய்வு காட்டியது, கேப்சூலில் மிளகுச் சத்தைச் சேர்ப்பது அதனால்தான். சரி, ஏறி என்ன செய்கிறது? முட்டி வலியைக் குறைக்கிறது என்பதற்குத்தான் ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. நம் ஊரில் முட்டி தேய்ந்தாலும் 'எலும்புத் தேய்மானம்', அடர்த்தி குறைந்தாலும் 'எலும்புத் தேய்மானம்', இந்த ஒரே பெயரில்தான் டப்பா விற்பவர் பிழைக்கிறார். அப்புறம், ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. அப்பா அந்த மாத்திரையில் இருக்கிறார், "மஞ்சத்தானே கண்ணு" என்று ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், டப்பாவை ஒளித்து வைத்தேன்.

கிரீன் டீயை உடனே தள்ளிவிட்டேன். அமெரிக்காவின் மினசோட்டாவில் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஓராண்டு அதிக அளவில் இந்தச் சாறு கொடுத்தும் எலும்பு அடர்த்தியில் மாற்றம் இல்லை. அதிலுள்ள ஈஜிசிஜி என்ற ஆன்டிஆக்சிடன்ட் நாளுக்கு 800 மில்லிகிராமைத் தொட்டால் கல்லீரலுக்கு ஆபத்து என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் சொன்னது. நீலகிரித் தேயிலையைப் போட்டு ஒரு டம்ளர் குடிப்பது வேறு விஷயம், அதை யாரும் குறை சொல்லவில்லை.

யாரும் வாங்கித் தராத ரெஸ்வெராட்ரால், அதாவது திராட்சைத் தோலில் இருக்கும் ஆன்டிஆக்சிடன்ட்தான் இந்தப் பந்தயத்தில் கொஞ்சம் முந்துகிறது. ஆஸ்திரேலியாவில் 125 பெண்களிடம் நாளுக்கு இரு வேளை 75 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தபோது முதுகெலும்பிலும் இடுப்பிலும் அடர்த்தி கொஞ்சம் கூடியது. கொஞ்சம்தான், எலும்பு முறிவு குறைந்ததா என்று சொல்ல இந்த ஆய்வு போதாது. விலையைப் பார்த்ததும் நான் பக்கத்தை மூடிவிட்டேன்.

மாமாவின் பொடி மட்டும் வேறு ஜாதி. அம்மா வயதுக்கு நாளுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), மற்ற கேப்சூல்கள் அந்தக் கணக்கில் ஒரு பைசா சேர்க்காது. முருங்கை சேர்க்கும். ராகியும் சேர்க்கும், 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம்.

இப்போது டாக்டர் எழுதிய மாத்திரை அப்படியே தொடர்கிறது. ராகிக் களியோடு ஊற்றிக்கொள்ளும் பருப்பில் ஒரு ஸ்பூன் முருங்கைப் பொடி விழுகிறது. குர்குமின் டப்பா, வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று கேட்டுக்கொண்டபின், முட்டி வலிக்காரப் பெரியம்மாவிடம் போய்விட்டது, சித்திக்கு இன்னும் சொல்லவில்லை. மாமா நேற்றுப் போனில், "பொடி தீந்துருச்சா கண்ணு, இன்னொரு அரைக் கிலோ பஸ்ஸுல போட்டுடட்டுமா?" என்றார்.