மாத்திரைக்கு முன் கேட்கப்பட்ட கேள்விகள்: ஆண்கள் நல மருத்துவப் பிரிவு ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

விறைப்புக் குறைபாட்டுக்குச் சிகிச்சை தேடும் ஒருவரின் கண்ணில் நம் ஊரில் முதலில் படுவது பேருந்து நிலையச் சுவரொட்டியும், மாதந்தோறும் லாட்ஜில் முகாமிடும் வைத்தியரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியும்தான். பாலுறவுத் திறனைக் கூட்டுவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்திருந்தும், அந்த வியாபாரம் குறைந்ததாகத் தெரியவில்லை. பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோயாளியான நான், அவற்றைத் தவிர்த்துவிட்டு, மதுரையிலுள்ள தனியார் மருத்துவமனை ஒன்றின் சிறுநீரகவியல் துறையில் இயங்கும் ஆண்கள் நலப் பிரிவுக்குச் சென்றேன். அங்கே கிடைத்த ஆலோசனையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

அந்தப் பிரிவின் சிறப்பு, மருந்துச்சீட்டை எழுதுவதற்கு முன் மருத்துவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் இருக்கிறது. உலகெங்கும் பயன்படும் ஐந்து கேள்விகள் கொண்ட படிவத்தை நிரப்பச் சொன்னார்; 25க்கு 22 அல்லது அதற்கு மேல் பெற்றால் குறைபாடு இல்லை என்று பொருள். அதிகாலையில் தானாக விறைப்பு வருகிறதா, பிரச்சினை திடீரென்று தொடங்கியதா, படிப்படியாக வந்ததா என்று கேட்டார். காரணம் மனம் சார்ந்ததா, உடல் சார்ந்ததா என்று ஊகிக்க இந்த விடைகள் உதவுகின்றன. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, கொழுப்பு, காலை வேளை டெஸ்டோஸ்டிரோன் (ஆண்மைக்குரிய ஹார்மோன்) ஆகியவற்றுக்கு இரத்தப் பரிசோதனை எழுதியதோடு, இதயத்தையும் பார்த்துவிடலாம் என்றார். ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனிகள் இதயத் தமனிகளைவிடக் குறுகியவை என்பதால், இரத்தக் குழாய்களில் ஏற்படும் பாதிப்பு அங்கே முதலில் தெரியவரும்; நெஞ்சுவலி சில ஆண்டுகள் கழித்தே வரலாம். இந்த விளக்கத்துக்காகவே அவருடைய கட்டணத்தைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து.

மாத்திரைகளைப் பற்றி அவர் சொன்னவை தெளிவாக இருந்தன. 1998இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சில்டெனாஃபில், இதயவலிக்கான மருந்தாக ஆராயப்பட்டபோது வேறு பயன் தெரிந்து இந்தப் பக்கம் திரும்பியது. அதை ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்னதாக எடுக்க வேண்டும். எண்ணெய் மிகுந்த விருந்துச் சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் தாமதமாகவே வேலை செய்யும். 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டடாலாஃபிலுக்கு உணவுக் கட்டுப்பாடு இல்லை. அதன் விளைவு 36 மணி நேரம் வரை நீடிக்கும். தினமும் 5 மில்லிகிராம் என்ற சிறிய அளவிலும் எடுக்கலாம். இரண்டும் ஆசையை உண்டாக்குவதில்லை. கிளர்ச்சியின்போது சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடால் தொடங்கும் இரத்தக்குழாய்த் தளர்வை அவை நீடிக்கச் செய்கின்றன, அவ்வளவுதான். தலைவலி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிச்சல் ஆகியவை வரலாம். டடாலாஃபிலில் முதுகுவலியும் சேர்ந்துகொள்ளலாம். எனக்கு டடாலாஃபில் ஒத்துவந்தது. தலைவலி முதல் சில நாள்கள் இருந்து பிறகு அடங்கியது.

அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்திய எச்சரிக்கை ஒன்று உண்டு. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் உள்ளிட்ட நைட்ரேட் மருந்துகளை எடுப்பவர்கள் இந்த மாத்திரைகளைத் தொடவே கூடாது, ஏனெனில் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். புராஸ்டேட்டுக்காக டாம்சுலோசின் போன்ற மாத்திரை எடுப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் சில பொட்டலங்களில் சில்டெனாஃபில் ரகசியமாகக் கலக்கப்பட்டிருப்பது பல நாடுகளில் ஆய்வகச் சோதனைகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. இதய நோயாளி ஒருவர் லேகியம்தானே என்று அதை வாங்கிச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மாத்திரை பலிக்காதவர்களுக்கான வழிகளையும் சுருக்கமாகச் சொன்னார். காற்றை உறிஞ்சி உறுப்புக்குள் இரத்தத்தை இழுக்கும் வெற்றிடக் கருவியில், விறைப்பைத் தக்கவைக்க அடியில் இறுக்கும் வளையத்தை 30 நிமிடங்களுக்கு மேல் விடக் கூடாது. உறுப்பிலேயே போடும் ஆல்ப்ரோஸ்டடில் ஊசிக்குப் பிறகு விறைப்பு நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கடைசி வழி அறுவை சிகிச்சை மூலம் உறுப்புக்குள் பொருத்தப்படும் உள்வைப்புக் கருவி. டெஸ்டோஸ்டிரோன் ஊசி எல்லோருக்கும் உரியதன்று. இரு வேறு காலைகளில் எடுத்த பரிசோதனைகளில் அளவு குறைவு என்று உறுதியானவர்களுக்கே அது பொருந்தும்.

குறைகளும் உண்டு. வரவேற்பறையில் பதிவு செய்யும்போது எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்கிறார்கள். இந்தப் பிரிவுக்கு வருபவரிடம் அப்படிக் கேட்பது, அவரை அப்படியே வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதற்குச் சமம். மனைவியையும் அழைத்து வரலாம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இவற்றைவிட என்னை உறுத்தியது, உறுப்பின் மீது அதிர்வலைகளைச் செலுத்தும் அதிர்வலைச் சிகிச்சையைத் தொகுப்புக் கட்டணத்தில் விற்கும் கூடத்துப் பலகை. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் அதை இன்னும் ஆய்வு நிலையில் உள்ளதாகவே வகைப்படுத்தியது. நான் கேட்டபோது மருத்துவரும் அதை எனக்குப் பரிந்துரைக்கவில்லை. அவருடைய அறைக்கு வெளியே அந்தப் பலகை எதற்கு என்பதை நிர்வாகம்தான் விளக்க வேண்டும்.

சர்க்கரை, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவற்றில் ஏதேனும் உள்ளவர்களுக்கு இந்தப் பிரிவைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். செல்லும்போது, தற்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.