ரோபோ கிட்டுக்குத் தூரிகையா, ஸ்பிரே டப்பாவா?

பண்டாய் கம்பெனியின் 1/144 அளவு பிளாஸ்டிக் ரோபோ கிட்டுக்குப் பசை தேவையில்லை, பாகங்கள் ஒட்டியிருக்கும் சட்டமான ரன்னரிலிருந்து நிப்பர் என்கிற சின்ன வெட்டுக் குறடால் வெட்டி, தழும்பை உப்புத்தாளால் தேய்த்துப் பொருத்தினால் போதும். பெயின்ட்தான் யோசிக்க வைக்கும்.

ஸ்பிரே டப்பாவில் அடித்தால் மார்புக் கவசம், தோள் மாதிரியான பெரிய பாகங்களில் கோடே இல்லாத பரப்பு கிடைக்கும், அந்த அழகைத் தூரிகையால் கொண்டுவருவது ரொம்பக் கஷ்டம். ஆனால் முத்தியால்பேட்டையில் எங்கள் மொட்டை மாடியில் மதியத்துக்கு மேல் கடல்காற்று பிடித்தால் பாதி பெயின்ட் காற்றோடு போகும். அதைவிடப் பெரிய தொல்லை ஈரப்பதம். ஸ்பிரே டப்பாவில் இருக்கும் லாக்கர் (lacquer) வகை பெயின்டில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி மழையில் நான் அடித்த கருநீலக் கால் இரண்டும் சாம்பல் பூசியது போல ஆகி, மறுபடி தேய்க்க வேண்டி வந்தது.

தூரிகைக்கு இந்தப் பயம் இல்லை. தண்ணீரில் கரையும் அக்ரிலிக், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து பூசலாம், நெடியும் குறைவு. பெயின்ட் பிடிக்க முதலில் பூசும் பிரைமர் கட்டாயம், அப்புறம் பெயின்டை நீர்க்க வைத்து இரண்டு மூன்று மெல்லிய பூச்சு. ஒன்று முழுசாகக் காயாமல் அடுத்ததைத் தொட்டால் கீழே உள்ளதும் சேர்ந்து உரிந்து வரும்.

எதில் அடித்தாலும் மூட்டு உரசும் இடத்தில் தடிமன் வேண்டாம், உரியும்.

மழைக்காலத்தில் நான் தூரிகைதான், மாசி பங்குனியில் காலையிலேயே ஸ்பிரே.