‘உங்க டிரக் தாராளமா இழுக்கும்’ என்று சொல்லி விற்றார்கள்: டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

டிராவல் டிரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போகிற சக்கர வீடு, வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள், அதிலும் வீட்டில் நிற்கும் ஹாஃப்-டன் பிக்கப்பிலேயே (பின்னால் திறந்த தொட்டி உள்ள சாதாரண ரக டிரக்) இழுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள், தயவுசெய்து இதைப் படித்துவிட்டு டீலரிடம் போங்கள். டல்லாஸ் பக்கம் ஒரு டீலர் எங்கள் தலையில் கட்டிய டிரெய்லர், எங்கள் டிரக் தாங்கும் எடைக்கு மேல். தெரிந்தேதான் விற்றார்கள் என்று நான் நம்புகிறேன். வழக்கறிஞர் மூலமாக நோட்டீஸ் போயிருப்பதால் கடையின் பெயரை இப்போது எழுத முடியாது. நடந்ததை எழுதுகிறேன்.

கடைக்குப் போன முதல் நாளே என் கணவர் தெளிவாகக் கேட்டார். “நாங்க நாலு பேர், கூட எங்க அம்மா. கோடை விடுமுறைக்குக் கொலராடோ வரைக்கும் போகணும். எங்க டிரக் இதுதான். இதை இழுக்குமா?” சேல்ஸ்மேன் டிரக்கின் மாடலைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். “உங்க டிரக்கோட இழுவைத் திறன் 9,800 பவுண்டு. இந்த டிரெய்லர் வெறும் 5,900. இன்னும் நாலாயிரம் பவுண்டு மிச்சம் இருக்கு, தாராளமா இழுக்கும்” என்றார். அவருடைய மேனேஜரும் வந்து அதையே சொன்னார்.

இரண்டு எண்களும் ஏதோ ஒரு தாளில் அச்சான எண்கள்தான். ஆனால் எங்களுக்கு வேண்டிய எண் அந்த இரண்டுமே இல்லை. ஏமாற்று வேலை அங்கேதான் இருக்கிறது.

முதலில் அந்த 5,900. அது விளம்பரத் தாளில் போடும் ‘டிரை வெயிட்’. அந்த மாடலின் அடிப்படை எடை. தண்ணீர் இல்லை, பேட்டரி இல்லை, கேஸ் சிலிண்டர் நிரப்பவில்லை, நாங்கள் வாங்கிய டிரெய்லரில் கூடுதலாக மாட்டியிருந்த இரண்டாவது ஏசியும் கணக்கில் இல்லை. உண்மையான எடை டிரெய்லரிலேயே ஒட்டியிருக்கிறது. நுழைவுக் கதவின் உள்பக்கம் மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். இந்த டிரெய்லரில் இவ்வளவு பவுண்டுக்கு மேல் சாமான் ஏற்றக் கூடாது என்று அதில் போட்டிருப்பார்கள். எங்களுடையதில் 1,240. டிரெய்லரின் உச்ச எடை, அதாவது ஜி.வி.டபிள்யூ.ஆர்., 7,600. கழித்துப் பாருங்கள்: ஒரு தட்டு, ஒரு போர்வைகூட வைக்காமலே எங்கள் டிரெய்லர் 6,360 பவுண்டு. விற்கும்போது அந்த ஸ்டிக்கர் பக்கம் யாரும் கை நீட்டவே இல்லை.

அடுத்து 9,800. அமெரிக்காவில் பெரும்பாலான டிரக் கம்பெனிகள் இந்த எண்ணை எஸ்.ஏ.இ. ஜே2807 என்ற சோதனை முறைப்படிதான் கணக்கிடுகின்றன. அரிசோனாவில் டேவிஸ் அணை பக்கத்து மலைச்சாலையில் ஏறும் சோதனைகூட அதில் உண்டு. கடுமையான சோதனைதான், அதில் குறையில்லை. ஆனால் அந்தக் கணக்கில் டிரக்கில் உட்காருவது இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. குழந்தைகள் இல்லை, மாமியார் இல்லை, பின்னால் ஐஸ் பெட்டி இல்லை.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முதலில் இடிக்கிற எண் வேறு. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் வெள்ளையும் மஞ்சளுமாக ஒரு ஸ்டிக்கர் தெரியும். ஆட்களும் சாமானும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். அதுதான் பேலோட். எங்கள் டிரக்கில் 1,485 பவுண்டு. ஒரே மாடல் டிரக்கிலேயே இது வண்டிக்கு வண்டி மாறும். சன்ரூஃப், பெரிய சீட் என்று வசதிகள் கூடக் கூட பேலோட் குறையும். அதனால் இன்டர்நெட்டில் பார்த்த எண்ணை நம்பாதீர்கள், உங்கள் கதவில் இருப்பதைப் பாருங்கள்.

டிரெய்லரை மாட்டும்போது அதன் மூக்கு டிரக்கின் பின்னால் இருக்கும் இணைப்பான ஹிட்ச்மேல் உட்காருகிறது இல்லையா, அந்த எடையும் இந்த 1,485-க்குள் அடங்க வேண்டும். அதற்கு டங் வெயிட் என்று பெயர். டிராவல் டிரெய்லர் நிலையாக ஓட, அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் டிரெய்லர் ஆடும், எனவே குறைக்கவும் வழியில்லை. சேல்ஸ்மேன் சொன்ன 9,800-ஐயே எடுத்துக்கொள்வோம். 13 சதவீதம் என்றால் 1,274. மிச்சம் 211 பவுண்டு. ஓட்டுபவரும் ஹிட்ச் இரும்பும் ஏறினாலே தீர்ந்துவிடும். அந்த டிரக்கில் ஒரு குடும்பம் போகும் நிலையில் 9,800 என்ற எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. இதை விற்கிறவருக்குத் தெரியாது என்றால் எப்படி நம்புவது? தினமும் அதே வேலை செய்கிறவர்.

டெலிவரி அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். எடையை முன் அச்சுக்கும் டிரெய்லருக்கும் பிரித்துக் கொடுக்கிற ஹிட்ச் ஒன்றைத் தனி விலைக்கு வாங்க வைத்தார்கள். நல்ல பொருள், தேவையான பொருளும்கூட. அதைப் பொருத்திய பையன் எதையும் அளந்து பார்க்கவில்லை. மாட்டுவதற்கு முன் டிரக்கின் முன் ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) தரையிலிருந்து எவ்வளவு உயரம், மாட்டியபின் எவ்வளவு என்று பார்த்து, தூக்கிக்கொண்ட முன்பக்கம் பழைய உயரத்துக்குப் பக்கத்தில் இறங்கும்வரை கம்பிகளை இழுத்துக் கட்ட வேண்டும். அவர் அந்தக் கம்பிகளின் சங்கிலியைத் தளர்வாகக் கடைசி வளையத்தில் மாட்டிவிட்டு “ரெடி” என்றார். சைக்கிள்களுக்கு என்று டிரெய்லரின் பின் பம்பரில் ஒரு ரேக்கையும் விற்று மாட்டினார்கள். அந்த பம்பர் மெல்லிய சதுரக் குழாய். கழிவுநீர்க் குழாயைச் சுருட்டி உள்ளே வைக்கத்தான் அது. பாரம் தொங்கவிட அல்ல. “தண்ணித் தொட்டியை இங்கேயே நிரப்பிக்கிட்டுப் போங்க, வழியில அலைய வேண்டாம்” என்றும் சொன்னார்கள். 46 கேலன் தொட்டி. ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு. கிட்டத்தட்ட 380 பவுண்டு அங்கேயே ஏறிவிட்டது.

ஃபோர்ட் வொர்த்திலிருந்து அமரில்லோ போகும் 287-ஆம் நெடுஞ்சாலையில் போனவர்களுக்குத் தெரியும், விச்சிட்டா ஃபால்ஸ் தாண்டினால் மறைப்பு எதுவும் இருக்காது. காற்று நேராகப் பக்கவாட்டில் வந்து அடிக்கும். சில்ட்ரஸ் வருவதற்கு முன் ஒரு பெரிய லாரி எங்களை முந்திப் போனது. முதலில் எங்களை வெளிப்பக்கம் தள்ளியது, அது தாண்டியதும் உள்பக்கம் இழுத்தது. வலப்பக்கக் கண்ணாடியில் டிரெய்லரின் பக்கவாட்டு முழுதாகத் தெரிந்தது, உடனே மறைந்து இடப்பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. ஒவ்வொரு ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிது. டிரக்கின் பின்பக்கத்தையே அது இழுத்துப் போட்டது. ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று என் கணவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. பின் சீட்டில் அத்தை இரண்டு குழந்தைகளையும் அணைத்துக்கொண்டு, “டேய், மெதுவாப் போடா” என்றார்கள்.

அவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டேஷ்போர்டில் இருக்கும் டிரெய்லர் பிரேக் கன்ட்ரோலரின் லிவரைக் கையால் அழுத்தினார். டிரெய்லரின் பிரேக் மட்டும் பிடித்ததும் அது பின்னால் இழுபட்டு நேரானது. டிரக்கின் கையேட்டில் படித்து வைத்திருந்தாராம். டீலர் அந்த லிவரைக் காட்டக்கூட இல்லை. இந்தப் பதிவில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் டிரக்கின் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டி வெட்டித் திருப்பாதீர்கள், வேகத்தைக் கூட்டித் தப்பிக்கவும் பார்க்காதீர்கள்.

அப்புறம் அவசர விளக்கைப் போட்டுக்கொண்டு மெதுவாகவே அமரில்லோ போய்ச் சேர்ந்தோம். அங்கே டிரக் ஸ்டாப்பில், பக்கத்தில் நிறுத்தியிருந்த வயதான லாரி டிரைவர் ஒருவர் எங்கள் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். ஹிட்சின் ஸ்பிரிங் கம்பியை ஒரே கையால் மேலே தூக்கிக் காட்டினார். இறுக்கமாக வளைந்து நிற்க வேண்டிய கம்பி அது, தொளதொளவென்று ஆடியது. “எடை போட்டீங்களா?” என்று கேட்டு, அங்கேயே இருந்த கேட் ஸ்கேலைக் கைகாட்டினார். பெரிய லாரிகள் நிற்கும் அந்த எடை மேடையில் நம் வண்டியையும் சில டாலர் கொடுத்து நிறுத்தலாம். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று தனித்தனியாக அச்சடித்த சீட்டு கொடுப்பார்கள்.

எங்கள் சீட்டு இது. முன் அச்சு 2,840, பின் அச்சு 4,360, டிரெய்லர் அச்சுகள் 6,860. டிரெய்லரை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, அதே ஆட்களோடு டிரக்கை மட்டும் இன்னொரு தடவை நிறுத்தினோம்: முன் 3,160, பின் 3,060. சீசா பலகையில் ஒரு முனையை அழுத்தினால் மறுமுனை எழும்புமே, அப்படித்தான். டிரெய்லர் பின்னால் உட்கார்ந்ததும், திருப்புவதற்கும் பிரேக் பிடிப்பதற்கும் வேண்டிய முன் சக்கரங்களிலிருந்து 320 பவுண்டு காணாமல் போய்விட்டது. டங் வெயிட் 980. பின் அச்சு தாங்கக்கூடியது 3,900, அதற்கு மேல் 460 பவுண்டு. டிரக்கின் மொத்த உச்ச எடை 6,900, அதற்கு மேல் 300. டிரெய்லரோ 7,840, அதன் வரம்பைவிட 240 கூடுதல்.

இதைக் கவனியுங்கள்: 7,840 என்பது சேல்ஸ்மேன் சொன்ன 9,800-க்குள் வசதியாக அடங்குகிறது. அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்தால் எல்லாம் சரி. டயரையும் அச்சையும் பார்த்தால் எதுவுமே சரியில்லை. ‘எஸ்டி’ என்று தொடங்கும் டிரெய்லர் டயர்களில் வேறு வேகம் குறிக்கப்படாவிட்டால் பொதுவாக மணிக்கு 65 மைல்தான் வரம்பு. 287-இல் பல இடங்களில் 75 வரை போகலாம் என்று பலகை இருக்கும்; கூடுதல் பாரத்தோடு, கோடை வெயிலில் அந்த வேகத்தில் போனால் டயர் வெடிப்பதற்கு வேறு காரணமே வேண்டாம்.

கொலராடோ போகவில்லை. ராட்டன் கணவாய் 7,800 அடிக்கு மேல் இருக்கிறது. அந்த ஏற்றத்தையும், அதைவிட முக்கியமாக இறக்கத்தையும், இந்த வண்டியோடு குழந்தைகளை வைத்துக்கொண்டு பார்க்க எங்களுக்குத் துணிவில்லை. தண்ணீரைத் திறந்துவிட்டு, ரேக்கைக் கழற்றிவிட்டு (பம்பர் வெல்டிங்கில் விரிசல் விட ஆரம்பித்திருந்தது), மெல்ல வீடு திரும்பினோம்.

எடைச் சீட்டோடு டீலரிடம் போனால் மேனேஜரின் குரலே மாறிவிட்டது. “இழுவைத் திறனுக்குள்ளதானே இருக்கு?” என்றார். பிறகு நாங்கள் கையெழுத்திட்ட கட்டிலிருந்து ஒரு தாளை உருவினார்: டிரெய்லருக்குப் பொருத்தமான வண்டியைத் தேர்ந்தெடுப்பது வாங்குபவரின் பொறுப்பு. வாயால் “தாராளமா இழுக்கும்” என்றவர்கள், எழுத்தில் இப்படி வைத்திருக்கிறார்கள். திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றதற்கு, கொடுத்த விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துத்தான் எடுப்போம் என்றார்கள். இல்லாவிட்டால் பெரிய டிரக் ஒன்று வாங்குங்கள், தெரிந்த இடம் இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது.

இப்போது நிலைமை இது. பழுதான புது வண்டியை வாங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவும் லெமன் சட்டம் டெக்ஸாஸில் டிரெய்லருக்கும் உண்டு, ஆனால் அது தயாரிப்புக் குறைக்குத்தான், இதற்குப் பொருந்தாது. பொய் சொல்லி விற்பதைத் தடுக்கிற டி.டி.பி.ஏ. சட்டம் 1973-லிருந்து இருக்கிறது. அதன்படி வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பே எழுத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், கொடுத்துவிட்டோம். டீலர் உரிமம் தருகிற மாநில மோட்டார் வாகனத் துறையிலும் புகார் செய்திருக்கிறோம். டிரெய்லர் ஸ்டோரேஜில் நிற்கிறது. தவணை போய்க்கொண்டிருக்கிறது.

நீங்கள் கடைக்குப் போனால், சேல்ஸ்மேன் கம்ப்யூட்டர் பக்கம் திரும்புவதற்கு முன்பே உங்கள் டிரக் கதவு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் மஞ்சள் ஸ்டிக்கரைக் கேளுங்கள். டிரெய்லரின் உச்ச எடையில் 13 சதவீதம், ஹிட்சுக்கு ஒரு 100 பவுண்டு, வீட்டு ஆட்களின் எடை, டிரக்கில் ஏற்றும் சாமான் என எல்லாவற்றையும் கூட்டினால் பேலோடுக்குள் வர வேண்டும். வந்தாலும், “இந்த டிரக், இத்தனை ஆட்களோடு, இந்த டிரெய்லரை இழுக்கப் பொருத்தமானது” என்று விற்பனைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள், அடுத்த பயணத்துக்கு முன் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு ஒரு தடவை எடை மேடைக்குப் போய் வாருங்கள்.

நோட்டீஸுக்குப் பதில் வந்ததும் என்ன ஆனது என்று எழுதுகிறேன்.